கிருமிகளுக்கு மீட்டிங் கிடையாது

லிஃப்ட் நின்றுபோனதில் ஆறாவது மாடிக் கண்ணாடிக்கடைக்காரருக்கு முதலில் போனது மனைவி. அதன் பிறகு தலையணை போனது. பிறகு தையல் மெஷின். பிறகு மிக்ஸி.

மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த அன்று லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தது. படியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த அம்மாள் டாக்ஸியை விட்டு இறங்காமலே ஆறு மாடியையும் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தாள். "தங்கச்சி வீட்டுக்கு விடச் சொல்லுங்க" என்றாள். தங்கை இருப்பது தரை வீடு. வாசலில் ஒரு படிகூடக் கிடையாது. லிஃப்ட் சரியாகும்வரை நாலைந்து நாள் என்றுதான் பேச்சு.

நாலைந்து நாள் மாதக்கணக்கில் இழுத்தது. தினமும் சாயங்காலம் போன் வரும். லிஃப்ட் ஓடுதா என்று கேட்பாள். இல்லை என்பார் இவர். அப்படியானால் அந்த நீலப் போர்வையை எடுத்துவாருங்கள் என்பாள், அல்லது மேஜை விசிறியை. ஒவ்வொரு இல்லைக்கும் ஒரு சாமான் என்று கணக்காகிப்போனது. இவர் தோளில் சுமந்துகொண்டு ஆறு மாடி இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு ஆறு மாடி ஏறி வருவார். அங்கே வாசலிலேயே சகலை நின்று சிரித்த முகமாக வாங்கிக்கொள்வார். அவருக்கு மனசு தாராளம். அதுதான் கஷ்டம்.

"நீங்களும் வந்துடுங்கண்ணே. பின்னால ரூம் சும்மாதான் கிடக்கு. பெயின்ட் அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார் ஒருநாள்.

கண்ணாடிக்கடைக்காரர் சாமானை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார். சகலை வீட்டுப் பின்னறையில் போய் உட்கார்ந்த மனுஷனுக்கு அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு தும்மல்கூட வராது என்பது அவருடைய எண்ணம். மனைவி திரும்பி வர வேண்டும், அதற்கு லிஃப்ட் ஓட வேண்டும். உலகத்தில் வேறு எதுவும் அவருக்குத் தேவைப்படவில்லை.

லிஃப்ட் கம்பெனிக்கு அவரே போய்ப் பார்த்தார். குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானம் இல்லாமல் ஒரு திருகாணியைக்கூடத் தொட மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். தீர்மானம் போட மீட்டிங் நடக்க வேண்டும். மீட்டிங் நடக்கப் பாதி வீட்டுக்காரர்களாவது வர வேண்டும். அந்தக் கட்டடத்தில் அப்படி ஒன்று நடந்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை. சங்கச் செயலாளரையே, அவர் வராத ஒரு மீட்டிங்கில், வந்திருந்த மூன்று பேர் சேர்ந்து தேர்ந்தெடுத்திருந்தார்கள். வந்திருந்தால் மறுத்திருப்பார் என்று பயம்.

அந்தச் செயலாளரைக் கட்டடமே கிருமி சார் என்று கூப்பிடும். கல்லூரியில் நுண்ணுயிர்ப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி, மக்கள் கிடையாது. கை கொடுத்தால் வாங்க மாட்டார். கிருமி ஒட்டிக்கொள்ளும் என்பதால் அல்ல. அவர் கையிலிருக்கும் நல்ல கிருமிகள் தகுதியில்லாதவர்களிடம் போய்விடும் என்பதால்.

கிருமி சார் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிய மீட்டிங்குக்கு, வண்டி நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கண்ணாடிக்கடைக்காரரே வரிசையாகப் போட்டார். வந்தவர் அவர் ஒருவர்தான். கிருமி சார் காலி நாற்காலிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தமே இல்லை. ரொம்ப நாள் சந்தேகம் தீர்ந்த மனிதரைப் போல எழுந்து நின்றார்.

"மனுஷன் மீட்டிங் போடப் பிறந்தவன் இல்ல சார்" என்றார். "ஒரே ஒரு பாக்டீரியா இருக்குன்னு வைங்க. அது தனியா எதுவும் பண்ணாது. துளி வாசனை மாதிரி ஒண்ணை வெளிய விடும், அவ்வளவுதான். பக்கத்துல இருக்கறதும் விடும். ஆள் சேரச் சேர வாசனை ஏறும். ஒரு அளவைத் தாண்டினதும், அடடா, நாம நிறையப் பேர் இருக்கோம்னு எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல புரிஞ்சுடும். அப்புறம் எல்லாம் சேர்ந்து ஒரே வேலையைச் செய்யும். கடல்ல ஒரு ஜாதி இருக்கு, கூட்டம் சேர்ந்தா வெளிச்சமே போடும். அதுங்களுக்குத் தலைவர் யாரு? செயலாளர் யாரு? போன மீட்டிங்ல நடந்ததை எவன் எழுந்து படிக்கிறான்?"

"எனக்கு வெளிச்சம் வேணாம் சார். லிஃப்ட் போதும்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

அடுத்த வாரமே வீட்டுக்கு வீடு ஒரு குட்டி பாட்டில் வந்தது. உள்ளே எலுமிச்சைப்புல் தைலம். லிஃப்ட் வேண்டும் என்று நினைக்கிறவர்கள் படியில் ஏறி இறங்கும்போது கைப்பிடிக் கம்பியில் ஒரு துளி விட்டுவிட்டுப் போக வேண்டியது. வேண்டாதவர்கள் சும்மா இருக்கலாம். கையெழுத்து கிடையாது, ஓட்டு கிடையாது. வாசனை அளவைத் தாண்டும் நாளில் எல்லோரும் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து ஆக வேண்டியதைச் செய்துவிடுவார்கள். ஆக வேண்டியது என்ன, கம்பெனிக்கு யார் போவது என்றெல்லாம் கண்ணாடிக்கடைக்காரர் கேட்டார். அதை இப்போதே யோசித்தால் அது மறுபடி மீட்டிங் ஆகிவிடும் என்று கிருமி சார் எச்சரித்தார். மணம் ஏறிய பிறகு மூளைக்கு வேலை இல்லை. கை தானாகச் செய்யும்.

கட்டடத்துக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துப்போனது. மீட்டிங்கில் கை தூக்கினால், தூக்கியவன் யார் என்று தெரிந்துபோகும். நாளைக்கு ஏதாவது ஏடாகூடமானால் அந்தக் கையைத்தான் பிடிப்பார்கள். வாசனைக்குப் பெயரும் இல்லை, வீட்டு எண்ணும் இல்லை. அதுவரை லிஃப்டைப் பற்றி வாயே திறக்காத இரண்டாம் மாடி டிரைவர்கூட, போகும்போது ஒன்று வரும்போது ஒன்று எனச் சொட்டு விட்டார்.

எதிர்ப்பு தரைத்தளத்திலிருந்து வந்தது. அங்கே இருந்த அம்மாளுக்குப் பினாயில் அக்கா என்று பெயர். விடிந்ததும் வாளியும் துணியுமாகக் கிளம்பி, கைப்பிடிக் கம்பியைக் கீழிருந்து மேல்வரை பினாயில் போட்டுத் துடைத்துவிடுவாள். எட்டிய மட்டும் இல்லை, ஆறாவது மாடி வரைக்கும். லிஃப்ட் வேண்டாம் என்பதற்காக ஒருத்தி தினமும் ஆறு மாடி ஏறுவதைக் கண்ணாடிக்கடைக்காரர் கதவிடுக்கில் நின்று பார்த்தார்.

"அக்கா, எதுக்குக்கா இந்த வேலை?" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"எனக்கெதுக்குய்யா லிஃப்ட்? நான் என்ன பூமிக்கு அடியிலயா போகப்போறேன்?"

அவர் கிருமி சாரிடம் புகார் சொன்னார். கிருமி சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்தவன் விடுகிற சமிக்ஞையைத் தின்றே அழிக்கிற பாக்டீரியாவும் இருக்கிறதாம். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அந்த அம்மாள் அதைச் செய்கிறாள் என்றால் கட்டடம் சரியான திசையில்தான் போகிறதாம். போய் அவளைப் பாராட்டிவிட்டும் வந்தார். அவள் அவருடைய கால் மிதியையும் சேர்த்துத் துடைத்து அனுப்பினாள்.

கண்ணாடிக்கடைக்காரர் பார்த்தார். இயற்கை பாட்டுக்கு நடக்கட்டும் என்று விட்டால் வீட்டில் இருக்கும் சாமான் எல்லாம் நடந்துவிடும் போலிருந்தது. கடைத்தெருவில் சோப்பு காய்ச்சுகிறவர்களுக்குச் சரக்கு விற்கும் கடையில் எலுமிச்சைப்புல் தைலம் கேனில் கிடைத்தது. ஒரு கேன் வாங்கி வந்தார். கம்பியில் மட்டுமல்ல, படியோரம், ஜன்னல் விளிம்பு, கால் மிதி, செத்துக் கிடந்த லிஃப்டின் கதவிடுக்கு என்று பார்த்த இடத்திலெல்லாம் ஊற்றினார். ஒரே ஒரு கிருமி ஊரே திரண்டதுபோலக் கத்தினால் அது மோசடிதான். ஆனால் கிருமிக்கு முழங்கால் கிடையாது. மச்சினி கிடையாது. மச்சினி புருஷன் பின்னறைக்குப் பெயின்ட் அடிப்பதும் கிடையாது. அதற்கென்ன, நியாயம் பேசலாம்.

கேன் தீர்ந்தது. இன்னொன்று வாங்கினார். அதுவும் தீர்ந்தது. யாரும் கதவைத் திறந்துகொண்டு வரவில்லை.

அதைவிட விசித்திரம், வாசனையே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். டிரைவர் கம்பியில் மூக்கை வைத்து உறிஞ்சிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். லிஃப்ட் வேணும்னு நினைக்கறது நாம ரெண்டு பேர் மட்டும்தான் போல என்றார். இவரே முகர்ந்து பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அதே சமயம், கூரியர்காரன் கேட்டைத் தாண்டி உள்ளே வர மறுத்தான். பால் கொண்டுவருகிறவர் கண்ணில் தண்ணீர் வழிய, பாக்கெட்டுகளைத் தெருவில் வைத்துவிட்டு ஓடினார். இவர் கடைக்கு வந்த வாடிக்கையாளர்கள் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்க்குமுன் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். சாயங்காலப் போனில் மனைவி, மிக்ஸியில் என்ன அரைத்தீர்கள், எதைப் போட்டாலும் சோப்பு நாற்றம் அடிக்கிறது என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள்.

"லிஃப்ட் ஓடுதா?"

"இல்லம்மா."

"அப்ப கட்டிலைக் கழட்டி எடுத்துட்டு வந்துடுங்க. இங்க தரையில படுத்தா எந்திரிக்க முடியல."

வீட்டில் மிஞ்சியிருந்தது கட்டில்தான். இரட்டைக் கட்டில். அதில் தன் பாதியை மட்டும் இவர் இங்கே வைத்துக்கொள்ள முடியாது. கட்டில் போனால் பின்னாலேயே இவரும் போக வேண்டியதுதான். ஸ்பானரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டு, "இல்லம்மா, தப்பாச் சொல்லிட்டேன். ஓடுது. ஞாயித்துக்கிழமை வந்துடு" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் யோசித்தார். வந்து பார்த்து, லிஃப்ட் ஓடவில்லை என்று தெரிந்தால் அந்த டாக்ஸி திரும்பிப் போவது கடைசி முறையாக இருக்கும். அவளை அவருக்குத் தெரியும். கோபித்துக்கொள்ள மாட்டாள். கட்டிலுக்கு ஆள் அனுப்புவாள்.

கிருமி சாரிடம் ஓடினார். இரண்டு கேனையும் பற்றி மூச்சு விடாமல், வெளியாட்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வதை மட்டும் சொன்னார். கிருமி சார் கண்ணை மூடி யோசித்தார்.

"மூக்கு செத்துப்போச்சு சார்" என்றார். "வாசனை அளவைத் தாண்டி என்னிக்கோ போயிருக்கும். இதுக்குள்ளயே புழங்கறதுனால நமக்குத் தெரியல. பாக்டீரியாவுக்கு இந்தக் கோளாறு வராது. மனுஷன் மட்டமான பொருள். மூக்கைக் கொஞ்சம் காயப்போட்டு எடுத்தா சரியாயிடும்."

கிருமி சார் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். மீட்டிங் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தெருவில் நின்று மூக்கைக் காயப்போடத்தான் கூப்பிடுகிறேன் என்றார். மீட்டிங் இல்லை என்றதும் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கட்டடம் காலியாகித் தெரு நிறைந்தது. ஒரே கட்டடத்தில் வருஷக்கணக்காக இருந்தவர்கள், நீங்க எந்த மாடி என்று ஒருவரையொருவர் விசாரித்துக்கொண்டார்கள். பினாயில் அக்கா வாளியோடு வந்து நின்றாள். எல்லோரும் காற்று வரும் பக்கம் முகத்தைத் திருப்பி, மூக்கைத் தூக்கி, ஆழமாக இழுத்து விட்டார்கள். கண்ணாடிக்கடைக்காரர் கூட்டத்தைப் பார்த்தார். பாதியல்ல, முழுச் சங்கமும் இருந்தது. கிருமி சார் பக்கத்தில் ஓடிப்போனார்.

"சார், எல்லாரும் இருக்காங்க. லிஃப்ட் வேணுங்கறவங்க கை தூக்குங்கன்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுது. அரை நிமிஷ வேலை."

கிருமி சார் கெட்ட வார்த்தை கேட்டவர்போல ஆனார். "அதை ஒழிக்கத்தானே சார் இவ்வளவு பாடு?"

"கையெல்லாம் தூக்கக் கூடாது" என்று டிரைவரும் கண்டித்தார். "இன்னிக்கு மூக்கு மட்டும்தான். கலந்து பேசிக் காரியத்தைக் கெடுத்துடாதீங்க."

கூட்டம் ஆமோதித்தது. சிலர் இவரை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள். ஒரு வார்த்தையில் முடியும் காரியம், அந்த ஒரு வார்த்தையைத் தவிர மற்ற எல்லா வழியிலும் நடக்கலாம் என்று எல்லோரும் மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டு மூச்சை இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தெருமுனையில் டாக்ஸி திரும்பியது. முன் சீட்டில் சகலை. பின்னால் மனைவி, மடியில் மிக்ஸி, பக்கத்தில் தையல் மெஷின், தலையணை. கண்ணாடிக்கடைக்காரர் டாக்ஸியை நோக்கி நடந்தார். அதே நேரத்தில் கிருமி சார் கையை ஆட்ட, கூட்டம் மொத்தமாகத் திரும்பிக் கட்டடத்துக்குள் நுழைந்தது.

நுழைந்ததும் நின்றது.

இரண்டு கேன் தைலமும் ஒன்றாக முகத்தில் அறைந்ததுபோல இருந்திருக்கும். முதல் வரிசை அப்படியே பின்னால் சாய்ந்தது. ஒருவர் தும்மினார், ஒருவருக்குக் கண் சிவந்தது, பினாயில் அக்காவின் வாளி கையிலிருந்து நழுவியது. பிறகு எல்லோர் முகத்திலும் ஒரே பாவனை வந்தது. இத்தனை பேரா, இத்தனை பேருமா என்று ஆச்சரியப்படும் பாவனை. கூட்டம் தானாகத் திரும்பி வெளியே வந்தது.

டாக்ஸிக் கதவைத் திறந்து மனைவி ஊன்றுகோலை வைத்து இறங்கிக்கொண்டிருந்தாள். யார் ஆரம்பித்தது என்று பிற்பாடு யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. அவள் அதில் இருந்தாள். நாற்காலியின் ஒரு காலை இரண்டாம் மாடி டிரைவர் பிடித்தார், இன்னொரு காலைப் பினாயில் அக்கா பிடித்தாள், மற்ற கால்களை யாரோ பிடித்தார்கள். நாற்காலி தலைகளுக்கு மேல் எழும்பிப் படியில் ஏறத் தொடங்கியது. கைகள் சோர்ந்தால் வேறு கைகள் வந்தன. "வலது", "இடது" என்றுகூடக் குரல் கிடையாது. திருப்பங்களில் நாற்காலி சுவரில் உரசாமல் வழுக்கிக்கொண்டு போனது. கண்ணாடிக்கடைக்காரர் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினார்.

நாலாவது மாடியில் மனைவி திரும்பிப் பார்த்தாள்.

"இதுதான் லிஃப்டா?"

"ஆமாம்மா."

"மெதுவாப் போகுது."

"புதுசு. பழகணும்."

அவளை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் கூட்டம் கீழே போயிற்று. மிக்ஸி வந்தது. தலையணை வந்தது. தையல் மெஷின் வந்தது. அதன் பின்னாலேயே, நான் சும்மா வழியனுப்ப வந்தேன்பா என்று கத்திக்கொண்டே, படுத்த வாக்கில் சகலை வந்தார். மேலே போனது கீழே இறங்க வேண்டுமே. ஒரு வாய் தண்ணீர் குடிக்குமுன் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தெருவில் பாக்கெட் வைக்க வந்த பால்காரர் ஆறாவது மாடிக்கு வந்து, சுற்றிலும் மிரண்டு பார்த்து, திரும்பிப் போனார். கிருமி சாரும் வந்தார். தலை கீழ்ப்பக்கமாக இருந்தாலும் விளக்கிக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா, தலைவரே இல்ல" என்றார் ஏறும்போது. அடுத்த முறை மேலே வந்தபோது, "நிறுத்தறதுக்கு என்ன வழின்னு படிச்ச ஞாபகம் இருக்கு" என்றார். மூன்றாவது முறை வந்தபோது பேசவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கையில் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

ஒரு கூட்டம் கதவைத் தட்டி, கீழே போகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டது. கண்ணாடிக்கடைக்காரர் மனைவியை உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, காலை நீட்டி, வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பார்க்க ஒன்றும் இல்லை. இப்போது வந்ததைத் தவிர மற்றதெல்லாம் தங்கை வீட்டில் இருந்தது. நாற்றம் தலையைப் பிளக்கிறது என்று சொல்லி ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். அவருக்கு அதற்குள் வாசனை எதுவும் தெரியவில்லை. வெளியே காலடிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டிருந்தது. மற்ற மூக்குகளும் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தன போலும். படியில் நின்றவர்கள் தங்கள் கைகளைத் தாங்களே பார்த்து, என்னத்துக்கு வந்தோம் என்று கேட்டுக்கொண்டு வீடுகளுக்குள் போனார்கள். கிருமி சாரை மூன்றாவது மாடியில் அப்படியே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் வீடு முதல் மாடியில். கூப்பிட்டுப் பார்த்தார், யாரும் வரவில்லை. இறங்கி நடந்தார்.

"பொய் சொன்னீங்க" என்றாள் மனைவி.

"ஆமா."

அவள் முழங்காலைத் தடவிக்கொண்டே யோசித்தாள்.

"புதன்கிழமை டாக்டர்கிட்டக் காலைக் காட்டணும். அன்னிக்கு லிஃப்ட் இருக்கும்ல?"

கண்ணாடிக்கடைக்காரர் ஜன்னலோரம் போய் நின்றார். கம்பியைத் துடைப்பதற்கு வாளியில் தண்ணீர் பிடிக்கும் சத்தம் கீழே கேட்டது. இன்னும் ஒரு கேன் வாங்க வேண்டும். மறுபடி ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டி, அத்தனை பேரையும் தெருவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். கீழே இறக்க ஒரு தரம், திரும்ப ஏற்ற ஒரு தரம். அவள் கால் குணமாகும்வரை, வாரா வாரம்.

"இருக்கும்" என்றார். "புதன்கிழமை காலையில எல்லாரும் வெளிய நின்னு மூச்சு விட்டா இருக்கும்."

"சரி" என்றாள் அவள். தலையணையைத் தட்டித் தன் பாதியில் போட்டுக்கொண்டாள். "தங்கச்சி வீட்டுலேர்ந்து எதையும் இப்ப எடுத்துட்டு வர வேணாம். புதன்கிழமை பாத்துட்டுச் சொல்றேன்."